சொல்லடைவில் ஒரு நாள்

தொழிற்சங்கக் கட்டடத்தை விட்டு வெளியே போகும்போது பலர் இன்னமும் வாசலில் ஒரு கணம் தலையைச் சாய்க்கிறார்கள். மோட்டார் ஆலையில் வேலை பார்த்த பழக்கம். அங்கே மாலைதோறும் வாயிலில் தலையைச் சாய்த்தால், அன்றைய வேலைநேர நினைவு முழுவதும் கழன்று, பொட்டு அளவுள்ள ஒரு நினைவுவில்லையில் இறங்கிவிடும். காலையில் கைக்கு வேண்டிய தொழில் மட்டும் திரும்பத் தலைக்கு ஏறும். தொழில் ரகசியம் வெளியே போகக் கூடாதாம். வேலைக் கவலை வீட்டுக்கு வராது என்று ஆரம்பத்தில் இதைக் கொண்டாடியவர்களும் உண்டு, பாவம்.

சுகந்தியும் அவள் கணவன் குமரகுருவும் அங்கே ஒரே வரிசையில் வேலை பார்த்தார்கள். போன ஆடியில் ஒரு மத்தியானம் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தின் முன்பே சாய்ந்தான். உயிர் போகும்போது சுகந்தி பக்கத்தில்தான் இருந்தாள். சாய்க்காமல் யாரையும் வெளியே விடுவதில்லை என்பதால், மாலையில் அந்த நிலையிலும் தலையைச் சாய்த்துவிட்டு வெளியே வந்து, வண்டி நிறுத்தத்தில் அவனுக்காகக் காத்து நின்றாள். காவலாளிதான் வந்து விஷயத்தைச் சொன்னார். கட்டியவன் செத்ததை அடுத்தவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கொடுமை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது.

இப்போது ஆலை திவால். இறந்தவர்களின் வில்லைகளை நிர்வாகம் அப்போதே அழித்துவிட்டது. இருப்பவர்களுடையதை ஆளுக்கொரு மூட்டையாகக் கட்டிச் சங்கத்தின் தலையில் தள்ளிவிட்டது. வில்லைகளின் மேல் நாள் குறிப்பு எதுவும் கிடையாது, உள்ளே படித்தால்தான் எந்த நாள் என்று தெரியும். தலைக்குள் திரும்ப ஏற்றும் கருவிகளும் சீல் வைத்த கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டன. போதாக்குறைக்கு, யாரும் நகலெடுக்கக் கூடாதென்று வில்லையை ஒருமுறை படித்தாலே வெறுமையாகிவிடும்படி செய்திருந்தார்கள்.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்ட திறமூலத் தேடல் சர்வர் ஒன்று உண்டு. அலுவலகங்கள் தங்கள் கோப்புகளைத் தேடிக்கொள்வதற்காக எழுதப்பட்டது. வில்லைகளைக் கணினியில் செருகி, வேண்டிய நாளைத் தேடி எடுத்துவிடலாம் என்று அதைச் சங்கத்துக் கணினியில் சுகந்தி இறக்கினாள். கூட வேலை பார்த்த ரபியா வழிகாட்டியைப் படித்துச் சொல்ல உட்கார்ந்தாள்.

"மொதல்ல என்னோட மூட்டையப் போடலாம். கெட்டா என்னோடதோட போகட்டும்" என்றாள் சுகந்தி. அந்தக் கடைசி மத்தியானத்தை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பும் அதில் இருந்தது.

"அக்கா, மூலத்தைச் சேமிக்கட்டுமான்னு கேக்குது. வேண்டாம்னு அதுவே வெச்சிருக்குதுங்க."

"எதுக்காம்?"

"மூலம் உங்ககிட்டயே பத்திரமா இருக்கும், எந்தச் சொல்லு எங்க வருதுன்னு காட்டற சொல்லடைவு மட்டும் போதும்னு போட்டிருக்குது."

"அப்ப அப்படியே இருக்கட்டும். எழுதுனவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சரப் போகுது?"

வழிகாட்டியில் பிழை இல்லை. கோப்பைப் படித்தால் கோப்பு அழிந்துபோகும் என்று எந்த ஊரில் யார் நினைப்பார்கள்? சர்வர் வில்லைகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. முடிந்ததும் சுகந்தி அந்த நாளைக் கொடுத்து, 'குமரகுரு' என்று தட்டினாள். திரையில் 'கிடைத்தது' என்று வந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு அதைத் திறந்தாள். ஒன்றுமே இல்லை. வெள்ளைத் திரை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. வில்லைகளில் எதுவும் மிஞ்சவில்லை. சர்வரில் இருப்பது சொல்லடைவு மட்டும். அதுவும் அன்றன்று அவள் காதில் விழுந்த சொற்களை எண்களாக மாற்றி வைத்திருந்தது. எண்ணிலிருந்து சொல்லுக்குத் திரும்ப வழியில்லை. ஒரு சொல்லைக் கொடுத்தால், அது அந்த நாளில் யார் வாயிலிருந்தோ வந்ததா இல்லையா என்று சொல்லும். அதற்கு மேல் அதற்குத் தெரியாது. தன் கையாலேயே அவனை இன்னொரு தடவை தொலைத்துவிட்டோம் என்று சுகந்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ரபியா எழுந்து தன் மூட்டையை எடுத்து வந்தாள். "அக்கா, நானும் அன்னிக்கு ஷிப்டுதானுங்க. என்னோடதப் போடுங்க. இந்தத் தடவ சேமின்னு குடுங்க."

ரபியாவின் அந்த மத்தியானம் திரையில் ஓடியது. அவள் நாலு மெஷின் தள்ளி நின்றிருக்கிறாள். தரையில் சுகந்தி, அவள் மடியில் குமரகுருவின் தலை. அவன் அவளைக் கிட்டே இழுத்துக் காதில் என்னவோ சொல்கிறான். நிறையவே சொல்கிறான். இயந்திர இரைச்சலில் ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை. மடியில் வைத்திருப்பவள் அழுதுகொண்டே தலையை ஆட்டுகிறாள். 'சரிங்க, சரிங்க' என்று அவள் உதடு அசைவது மட்டும் நன்றாகத் தெரிகிறது. மற்றவர்கள் ஓடி வருவதற்குள் அவன் கை விழுந்துவிட்டது.

"நான் எதுக்குச் சரின்னேன், ரபியா?"

ரபியா சுகந்தியின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் சொல்லடைவுக்குத் திரும்பினாள். 'அம்மா' என்று தட்டினாள். கிடைத்தது. ஊரில் தனியாகக் கிடக்கும் அவன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னானோ, வலியில் அம்மா என்று அலறினானோ. 'வீடு'. கிடைத்தது. 'கல்யாணம்'. கிடைக்கவில்லை. 'அழாதே'. கிடைத்தது, அவன் சொன்னதா, ஓடி வந்தவர்கள் சொன்னதா? அவளுக்குத் தோன்றும் சொல்லைத்தான் அவள் கேட்க முடியும். அவனோ, யாருக்கும் தோன்றாததைச் சொல்கிறவன்.

சாகிறவனுக்குக் கொடுத்த வாக்கு அது. இத்தனை மாதமாக அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாளா, மீறிக்கொண்டிருக்கிறாளா என்று தெரியாமலே, சுகந்தி அடுத்த சொல்லைத் தட்டினாள்.