பந்தி மணி

மழை இரண்டு நாளாக விடவில்லை. மண்டபத்தில் நாற்காலி, தூண், கைகழுவும் தொட்டி என்று தொட்டதெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. சாப்பாட்டு ஹாலின் இரும்பு ஷட்டர் மட்டும் சூடாக இருந்தது.

ரெத்தினதாஸ் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். வெயில் சூடு இல்லை, அடுப்புச் சூடும் இல்லை. ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு வெகுநேரம் சாய்ந்து நின்ற சூடு. உள்ளேயோ இரண்டு நாளாக ஒரு ஈ காக்காய் கிடையாது. நாளைக்கு மகள் லிஷாவுக்கு இதே மண்டபத்தில் கல்யாணம். அலைந்த அலைச்சலில் உடம்பு கண்டதையும் நினைக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பாறசாலை ரோட்டிலிருந்த அந்த ஆடிட்டோரியத்தில் வருடக்கணக்காக அவருக்கு ஒரே வேலைதான். பந்தி மணி அடித்ததும் ஜனம் ஓடி வரும். அந்தப் பக்கத்து ஜனம் தாலி கட்டுவதைப் பார்க்காமல் விட்டாலும் விடும், முதல் பந்தியை விடாது. நாற்காலி நிறைந்ததும் மிச்சப் பேரை முதுகால் தள்ளி நிறுத்திக்கொண்டு ஷட்டரை இழுத்துவிட வேண்டும். தரையைத் தொட்டதும் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்கத்தான் சாவி, அதுவும் வெளியிலிருந்துதான். வேறு வழி கிடையாது. சமையற்கட்டிலிருந்து சோறும் கறியும் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல் வழியாக வரும். பந்தி முடிகிறவரை யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. அந்தக் கண்டிப்பில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்த வருடம் அது. ஜனம் கூடுகிற இடங்களிலெல்லாம் தயாராக இருக்கச் சொல்லிவிட்டார்கள். முதலாளி ராஜப்பன், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ணன்குட்டியைப் பயிற்சி கொடுக்க அழைத்து வந்தார். சைரன் வாங்கத்தான் மனசு வரவில்லை. "மணி ஒண்ணு உண்டுல்லா? அது மதி" என்று, இருக்கிற பந்தி மணியே போதுமென முடித்துவிட்டார்.

போன வாரம் ஒத்திகை. சாயாவும் வடையும் உண்டு என்று சொன்னதால் கொல்லயில் ஊரிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. கிருஷ்ணன்குட்டி ஒரு பச்சை ரெக்ஸின் பைக்குள் குண்டுக்குப் பதிலாக ஒரு டைம்பீஸை வைத்துச் சாப்பாட்டு ஹாலில் மேஜைக்கடியில் தள்ளினார். மணி அடித்தால் எல்லாரும் ரோட்டுக்கு ஓட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

மணி அடித்தது. மொத்த ஜனமும் சாப்பாட்டு ஹாலுக்குள் ஓடியது. யார் முதலில் ஓடினார்கள் என்று தெரியவில்லை, கால்களுக்குப் பழகின வழி அதுதான். நாற்காலி நிறைந்தது. ரெத்தினதாஸ் ஷட்டரை இழுத்துவிட்டார்.

கிருஷ்ணன்குட்டி இடுப்பில் கை வைத்து நின்றார். "குண்டொண்ணும் வேண்டாம் ரெத்தினதாசே. நீரு ஒருத்தன் மதி."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளே இருந்தவர்களும் ஷட்டரைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சத்தம் அன்றைக்குப் பிறகு அவரைத் தூங்க விடவில்லை. ஆனாலும் லிஷாவின் கல்யாணத்துக்கென்று முதலாளி சும்மா தந்த மண்டபம். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

இப்போது சாவியைப் போட்டு ஷட்டரைத் தூக்கினார். உள்ளேயிருந்து காற்று முகத்தில் அடித்தது. சூடு பட்ட வாழையிலை, சாம்பார், பவுடர், நனைந்த பட்டு, வியர்வை எல்லாம் கலந்த வாடை. ஹால் காலியாக இருந்தது. மேஜைகளில் தாள்கூட விரிக்கவில்லை. பாதி இறக்கி ஷட்டரின் உள்பக்கத்தைப் பார்த்தார்.

கை அடையாளங்கள். பெரிசும் சின்னதுமாக, தலை உயரத்திலிருந்து முழங்கால் உயரம்வரை. மஞ்சளாகக் கறி படிந்த உள்ளங்கைகள். ஒத்திகையில் யாரும் சோறு சாப்பிடவில்லை. ஒன்றில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. தொட்டார். இன்னும் ஆறவில்லை.

ஈரத் துணியால் துடைத்தார். தோள் கடுக்கக் கடுக்கத் துடைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கல்யாணப் பதற்றம் என்பார்கள்.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் சானுவைக் கூப்பிட்டு மணியின் வயரை வெட்டச் சொன்னார்.

"அப்போ பந்திக்கு எப்பிடியாக்கும் ஆளக் கூப்பிடுவிய?"

"வாயால கூப்பிடுவேன் மக்கா. நீ வெட்டு."

வெட்டின வயரைத் தன் கையால் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

காலையில் சர்ச்சுக்குப் புறப்படுமுன் ஷட்டர் சாவியை அவிழ்த்து மனைவி கிருபாபாயிடம் நீட்டினார்.

"இது எனக்கெதுக்கு?"

"இடுப்புல கெடந்தா கை ஷட்டரத் தேடும். இண்ணைக்கு நான் பெண்ணுக்க அப்பனாக்கும், கதவுக்காரன் இல்ல."

கிருபாபாய் அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஒண்ணு கண்ண மூடி ஒறங்கணும். செத்தவன் மாதிரி நிக்கிய." சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மண்டப வாசலில் கிருஷ்ணன்குட்டி ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார். பனச்சமூட்டுச் சித்தப்பா தன் பையைக் கிளறியதற்குக் கோபித்துக்கொண்டு வெற்றிலை போடப் போய்விட்டார். மாப்பிள்ளையும் லிஷாவும் கிருபாபாயும் நெருங்கின சொந்தங்களும் முதல் பந்திக்கு உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சேலையில் லிஷா நிமிர்ந்து அப்பாவைத் தேடிச் சிரித்தாள். ஷட்டர் மேலே சுருண்டு கிடந்தது. மிச்ச ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூப்பிடலாம் என்று வெளியே திரும்பினார்.

மணி அடித்தது.

வெட்டின வயர் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மணி நிற்கவில்லை.

ஜனம் எழுந்தது. சேலை உரசல், செருப்புச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் அவரை நோக்கி வந்தன. அவர் இரண்டு கையையும் விரித்தார். "உள்ள வராதேங்க! ரோட்டுக்குப் போங்க! ரோட்டுக்கு!"

"எலே, மோளுக்க கல்யாணத்துக்கே வெரட்டுதான் பாரு" என்று யாரோ சிரித்தார்கள். அவருடைய விலாவை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

நாற்காலி நிறைந்தது.

லிஷாவின் மேஜைக்கடியில், வெள்ளைச் சேலையின் ஓரத்தில், பச்சை ரெக்ஸின் பை.

"மோளே!"

அவள் திரும்பினாள். அவர் ஓடினார். ஓடுவதாகத்தான் நினைத்தார். கால் நகரவில்லை. கை மேலே போனது. வேண்டாம். இரும்பு பிடிபட்டது. வேண்டாம், வேண்டாம். உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தார். எப்போதும்போல.

ஷட்டர் தரையைத் தொட்டது. பூட்டிக்கொண்டது.

இடுப்பைத் தடவினார். சாவி இல்லை.

உள்ளே முதலில் சிரிப்பு. பிறகு நாற்காலிகள் விழுந்தன. பிறகு கிருபாபாயின் குரல், மிக அருகில். "சாவி எங்கிட்டயாக்கும். இங்க தொளை இல்லியே. இங்க தொளை இல்லியே."

"அப்பா."

கைகள். தலை உயரத்தில், நெஞ்சு உயரத்தில், முழங்கால் உயரத்தில். தட்டல் அல்ல, அழுத்தல். ரெத்தினதாஸ் இரண்டு உள்ளங்கைகளையும் ஷட்டரில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு சின்னக் கை சரியாக அதே இடத்தில் வந்து பதிந்தது. இரும்பு சூடாகிக்கொண்டிருந்தது.

அவர் முதுகில் பாரம் விழுந்தது. இடம் கிடைக்காத மிச்ச ஜனம் அவருக்குப் பின்னால் நெருங்கி வந்து, வழக்கம்போல, பொறுமையாகச் சாய்ந்து நின்றது. ஒருவர் வெற்றிலை வாயோடு அவர் காதருகே குனிந்தார்.

"அடுத்த பந்தி இப்பம் தொறக்குமா மக்கா?"