புதுநன்மைக் கவுன்

"அக்கா, கையக் கழுவிட்டுப் பிள்ளையத் தொடுங்க."

தெரேசா கழுவித்தான் இருந்தாள். குழாயடியில் சவர்க்காரம் போட்டு, தேங்காய் நாரால் தோல் எரியத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். ஆனாலும் கொழுந்தன் பெண்டாட்டி டோரதியின் வாயிலிருந்து விடிந்ததும் வருகிற முதல் பேச்சு இதுதான். இன்று மகள் லூர்துமேரிக்குப் புதுநன்மை; கோயிலில் முதன்முதலாய் நற்கருணை வாங்கப் போகிறாள். சண்டை வேண்டாம் என்று தெரேசா மறுபடியும் போய்க் கழுவினாள்.

ஆற்றங்கரை வண்ணாந்துறையில், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் குத்தகைக்காரரிடம் அவளுக்குக் கூலி வேலை. சீழும் ரத்தமும் காய்ந்து விறைத்த விரிப்புகள். பிள்ளை பெற்றவள் கிடந்தது, பேதியில் போனவன் கிடந்தது, எல்லாம் ஒரே கூடையில் வரும். முதல் அலசலில் தண்ணீர் பழுப்பாய் ஓடும். மூக்கைப் பொத்தலாமென்றால் இரண்டு கையும் துணிக்குள் இருக்கும். எத்தனையோ வருஷம் ஆகியும் கூடையைத் திறந்ததும் அவளுக்குக் குமட்டத்தான் செய்தது. குமட்டிக்கொண்டேதான் வெளுத்தாள். புருஷன் பாக்கியசாமி துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்த பிறகு, அவன் தம்பி பெஞ்சமினை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரைக்கும் படிக்க வைத்தது அந்தக் கூடைதான்.

பெஞ்சமின் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி ஆனான். ரப்பர் விலை விழுந்த இந்த வருஷம் கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இப்போது நாலு பேர் வயிறும் நிறைவது அந்தக் கூடையால்தான். அப்படியும் தெரேசாவின் தட்டும் தகரக் குவளையும் பின்கட்டில், விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் கிடந்தன. ஆஸ்பத்திரிச் சீழைவிட அதைப் பார்க்கும்போதுதான் அவளுக்கு அதிகமாகக் குமட்டியது.

"அப்புறம் அக்கா…" டோரதி தலையை வாரிக்கொண்டே இழுத்தாள். "இவரு வேலை விஷயமா சாமியார் இன்னிக்கு ஒரு தொரைக்கிட்ட பேசுறேன்னிருக்காரு. பெரிய மனுஷங்க வருவாங்க. லூர்துகூட முன்னால நான் நிக்கிறேன்லா. நீங்க பின் பெஞ்சில ஒக்காந்துக்குங்க."

"பெத்தவ நான் இருக்கேன்."

"யாரு இல்லேன்னா? ஒங்க மேல அடிக்கிற வாடைக்கு, பக்கத்துல நிக்கிறவங்க மூக்கப் பொத்துனா பிள்ளைக்குத்தானே அவமானம்."

தெரேசா பெஞ்சமினைப் பார்த்தாள். அவன் கண்ணாடி முன்னால் நின்று, கழுத்துப்பட்டையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் லூர்து உள்ளேயிருந்து வந்தாள். வெள்ளைக் கவுன். கஞ்சி போட்டு, லேசாய் நீலம் காட்டி, மடிப்பு மடிப்பாய்த் தேய்த்தது. பிள்ளை நடக்கவே பயந்து நடந்தாள்.

டோரதியின் கையிலிருந்த சீப்பு நின்றது.

"இது… நேத்து பாசாருக்கு மீன் வாங்கப் போய்ட்டு வரும்போது பார்த்தேனே. ஆஸ்பத்திரி விரிப்புக்கு நடுவுல, அதே கொடியிலதானே தொங்குச்சு?"

"சந்துல வெயில் ஏதும்மா? அங்கதான் வெள்ளையாக் காயும்."

"பொய் சொல்லாதீங்க. பொணத்துமேல கெடந்த துணிய வெட்டித் தச்சிருக்கீங்க. அதப் போட்டுக்கிட்டா பிள்ளை ஆண்டவர வாங்கப் போவுது?"

"பொணத்துத் துணியா…" என்றாள் தெரேசா.

பெஞ்சமின் திரும்பினான். "ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க? துணி இல்லேன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

டோரதி சொன்னதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். இவனும் அப்படியே நம்பிவிட்டானே… அவன் போட்டிருந்த சட்டை, நேற்று அவள் வெளுத்தது. அதன் காலர் மடிப்பைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

அதற்குள் டோரதி பிள்ளையின் கவுனை உருவி, இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வாசலில் லோங்காங். எதிர்வீட்டு மீன்குடலும், சந்துச் சனம் ஊற்றின கழனித் தண்ணீரும் கறுப்பாய்த் தேங்கிக் கிடக்கிற சாக்கடை. கவுன் அதில் விழுந்தது.

லூர்து உள்சட்டையோடு நின்று அழுதாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அழுதாள். நன்மை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது. கண்ணீர் வாய்க்குள் போனால் உபவாசம் முறிந்துவிடும் என்று அந்தப் பிள்ளைக்குப் பயம்.

தெரேசா அழவில்லை. பின்கட்டுக்குப் போய்த் தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். திரும்பி வந்தபோது கையில் பாதிப் புடவை இருந்தது. வெள்ளைப் பருத்தி, ஓரத்தில் மெல்லிய சரிகை. மீதியைக் கத்தரி நேராய் வெட்டியெடுத்திருந்தது. அதை அவள் பெஞ்சமின் முன்னால் விரித்தாள்.

"இது என்னான்னு தெரியுதா தம்பி?"

சரிகைக்குக் கீழே ஒரு கருகல் இருந்தது. பெஞ்சமின் அதை விரலால் தடவினான். அவன் முகம் வெளிறிப்போயிற்று.

"என் கைமெழுகுவத்தி… ஒங்க கல்யாணத்துல நாந்தான் புடிச்சிருந்தேன். தூங்கி விழுந்து சுட்டுட்டேன். அண்ணன் அடிக்க வந்தாரு. நீங்கதான் தடுத்தீங்க."

"என்னாது அது?" என்றாள் டோரதி. அவள் குரல் இறங்கியிருந்தது.

"கல்யாணத்தன்னிக்கு சாமியார் மந்திரிச்ச பொடவை. செத்தா அண்ணி மேல போத்தணும்னு வச்சிருந்தது. அதை வெட்டியா தச்சீங்க, அண்ணி?"

டோரதியின் மந்திரித்த புடவையும் அவள் அலமாரியில், தாழம்பூ காய்ந்த வாசனையோடு இருந்தது. அதை அவள் மாதம் ஒருமுறை எடுத்து உதறி மடிப்பாள். கத்தரி வைக்க அவளுக்குக் கை வந்திருக்காது.

"அப்போ… ஒங்களுக்கு, அக்கா? நாளைக்கு ஒங்களுக்கு எதப் போத்துறது?"

"செத்தவளுக்கு எதப் போத்துனா என்ன. ஆஸ்பத்திரித் துணி நெறையக் கெடக்குது."

டோரதி வாசலுக்கு ஓடினாள். தேடக் குச்சியெதுவும் எடுக்கவில்லை. புதுப் புடவையோடு மண்டியிட்டு, முழங்கை முட்டும்வரை லோங்காங்கில் கைவிட்டுத் துழாவினாள். ஓங்கரித்தாள். வாயை மூடக் கை இல்லை. கவுன் வெளியே வந்தபோது அதன் வெள்ளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

கோயில் முதல் மணி அடித்தது.

தெரேசா மகளைக் கிட்ட இழுத்தாள். இடுப்பில் பழைய வெள்ளைப் பாவாடையைக் கட்டி, மிச்சமிருந்த அந்தப் பாதிப் புடவையை அதன்மேல் சுற்றி, தலைக்கு முக்காடாய் இழுத்துவிட்டாள். கருகல் உள்மடிப்புக்குள் போயிற்று. பெட்டியில் இனி அவளுக்கென்று ஒன்றுமில்லை.

"அக்கா…" டோரதி கறுத்த கைகளோடு அழுதுகொண்டே அவளைக் கட்டிக்கொள்ள வந்தாள். "நான் பாவி அக்கா…"

"கையக் கழுவிட்டுத் தொடு."

டோரதி அடிபட்டதுபோல் நின்றாள். பெஞ்சமின் தலையைக் குனிந்துகொண்டான்.

தெரேசா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய், விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் இருந்த தன் தகரக் குவளையில் தண்ணீர் மொண்டு வந்தாள். தானே ஊற்றினாள். சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தானே தேய்த்தாள். ஊற்றி முடித்த குவளையைப் பெஞ்சமின் அவள் கையிலிருந்து வாங்கி, வீட்டுக் குவளைகளோடு சேர்த்து வைத்தான்.

"நீங்கதான் பிள்ளைகூட முன்னால போகணும், அக்கா," என்றாள் டோரதி.

"போகாம?" என்றாள் தெரேசா.

சந்து முனை திரும்பும்போது டோரதி பின்னாலிருந்து கையை முகர்ந்து பார்த்தாள். "அத்தனை தேய்ச்சும் இன்னும் வாடை போவலியே அக்கா…"

தெரேசா மகளின் கையை விடாமல், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"போகாது. சோத்துல கைவைக்கும்போதுதான் நல்லாத் தெரியும்."