எடுக்காத போன்

ஹட்டனிலிருந்து அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன சனிக்கிழமை மத்தியானம், வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். தொழிற்சாலை அலுவலகத்து ரவுட்டரில் பழைய மெமரி கார்டைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டும். இதற்கு ஓர் ஆள் பஸ் ஏறி வர வேண்டியிருக்கிறது! தோட்டத்து ஆட்களுக்கு ஒரு திருகாணியைக்கூடத் திருப்பத் தெரியாது என்பது என் எண்ணம். நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். அதை யாரிடமும் சொல்வதில்லை.

மலைச்சரிவிலிருந்து இறங்கிய பனி ஜன்னல் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்ப்பதுபோல் நின்றது. தோட்டத்து மேனேஜரான துரை என்னை உட்காரச் சொல்லவில்லை.

"பழைய கார்ட என் கையில குடுத்துட்டுப் போ. வேற யாருக்கும் காட்டாத."

சொல்லிவிட்டு பங்களாவுக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் கிளார்க் சுலக்ஷனா மேசையருகே வந்தாள். "அண்ணே, அத தொரைகிட்ட குடுத்துறாதீங்க. அதுலதான் நல்லமுத்து மாமா கொரல் இருக்கு."

தேயிலை காய வைக்கும் அறையில் வேலை செய்தவர் நல்லமுத்து. மூன்று வாரத்துக்கு முன் அங்கே தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டிச் செத்துப்போனார். ஆட்கள் இடையில் எழுந்து போகிறார்கள் என்று கதவை வெளியே பூட்டச் சொன்னவர் துரை. நல்லமுத்து உள்ளேயிருந்து மூன்று தடவை ஆபீசுக்குப் போன் அடித்திருக்கிறார். போனை யாரும் எடுக்காவிட்டால், பேசுகிறவரின் குரல் அந்தக் கார்டில் பதிவாகும்.

"நான் எடுக்கத்தான் போனேண்ணே. தொரை, 'எடுக்காத, கத்தட்டும்'னாரு. திங்கக்கெழம விசாரண. அதுக்குள்ள கார்ட மாத்தப் பாக்குறாரு."

"ஒங்க தோட்டத்து வம்பு எனக்கெதுக்கு?" என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனாள்.

மின்சார வயரைப் பிடுங்கினேன். ரவுட்டரின் பச்சை விளக்குகள் அணைந்தன. மூடியைக் கழற்றி, கார்டின் ஓரத்திலிருந்த சின்னப் பொத்தானை அழுத்தினேன். கார்டு வெளியே வந்து விழுந்தது.

அதை எடுத்த விரல் சுட்டது.

அறையெங்கும் தீய்ந்த தேயிலை வாசம்.

மேசைமேலிருந்த போன் அடித்தது.

அந்தப் போனுக்கு இணைப்பே ரவுட்டர் வழியாகத்தான். ரவுட்டரோ என் முன்னால் வாய் பிளந்து கிடந்தது. அந்தப் பெண்தான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று இளக்காரமாகச் சிரித்துக்கொண்டே எடுத்தேன்.

நீண்ட இருமல்.

"ஐயா... கதவு வெளிய பூட்டியிருக்குங்க."

படக்கென்று வைத்தேன். மறுபடி அடித்தது. கை தானாகப் போய் எடுத்தது.

"தம்பி, நீங்களும் லயத்துப் புள்ளதானே?"

ரிசீவர் கை நழுவி அதன் இடத்திலேயே விழுந்தது. உடனே மூன்றாவது முறையும் அடித்தது.

"எடுக்காத!"

வாசலில் துரை. வெளுத்த உதடு. கண் மட்டும் போனைவிட்டு நகரவில்லை. "கார்டு எங்க?"

பழையது அதற்குள் என் சட்டைப் பைக்குள் போய்விட்டது. புதியதை நீட்டினேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அந்தப் பெரிய மனிதர், அதைத் தரையில் போட்டுச் சப்பாத்தால் நசுக்கினார்.

"ஒரு கூடை கொழுந்துக்குப் பெறாத பய. செத்தும் தொல்ல."

போன் நின்றது.

திங்கட்கிழமை நுவரெலியாவில் விசாரணை. கார்டை நானே அதிகாரியின் கையில் கொடுத்தேன். மூன்று பதிவுகளும் ஒலித்தன. மூன்றாவதில் பேச்சே இல்லை, கதவைப் பிராண்டும் சத்தம் மட்டும். சுலக்ஷனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நசுக்கியது வேறு கார்டு என்று அப்போதுதான் புரிந்த துரை, ஒன்றும் நடக்காததுபோல் கொட்டாவி விட்டார்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் அதிகாரி, நெற்றியைச் சுருக்கி. "நேத்து பின்னேரத் தேதி போட்டிருக்கு."

நேற்று முழுவதும் கார்டு என் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது.

நாலாவதில் இருமல் இல்லை. அவசரமே இல்லாத குரல்.

"தொரை, நான் வெளிய வந்துட்டேங்க. ஒங்க பக்கத்துலதான் நிக்கிறேன்."

துரை ஏளனமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வந்தது இருமல். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. குளிர்ந்த காற்று மேசைத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. அவர் இருமிக்கொண்டே இருந்தார்.

வாயிலிருந்து எடுத்த வெள்ளைக் கைக்குட்டை கரியாக இருந்தது.