பச்சைக் காணிக்கை

“மூணு நாளா ஒன் வீட்டு வெளக்கு செவப்பு எரியுதுட்டி! எம் மவ கல்யாணத்தக் கெடுக்கணும்னே பத்த வச்சிருக்கியா?”

“நானா பத்த வச்சேன்? எம் மனசு எரியுது, அது காட்டுது. அதுக்கு நான் என்ன செய்யட்டும் யக்கா?”

“விசுவாசம் இருந்தாப் பச்ச எரியும். எனக்கு எரியலியா?”

“சிலுவைக்கு முந்தின ராத்திரி ஏசு சாமி கெத்செமனே தோட்டத்துல பயந்து வேர்த்துக் கொட்டுனாரே, அன்னைக்கு அவரு கையில இந்தப் பட்டையக் கட்டியிருந்தா என்ன நெறம் எரிஞ்சிருக்கும்? நீங்கதான் சொல்லுங்களேன்!”

கடைசியாகக் கேட்டவள் பக்கத்து வீட்டுச் சலோமி. பதில் தெரியாதபோது குரலை உயர்த்துவதுதான் அந்தத் தெருவின் வழக்கம் என்பதால் வயலட்டும் உயர்த்தினாள். தெருவில் எல்லா ஜன்னல்களும் ஒரு விரற்கடை திறந்துகொண்டன. இத்தனைக்கும் யாருக்கும் சண்டை பார்க்கிற தெம்புகூட இல்லாத காலம் அது.

கடல் ஊரை எடுத்துக்கொண்ட பிறகு அரசாங்கம் அவர்களைத் தேரிக்காட்டுச் செம்மணலில் கொண்டுவந்து வைத்திருந்தது. முதல் பேரலையின்போது தண்ணீர் கொன்றதைவிடக் கால்கள் கொன்றது அதிகம். பாலத்தின் மேல் மிதிபட்டுச் செத்தவர்கள்தான் பாதிக்கு மேல். அதிலிருந்து பயம் தொற்றுநோய்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு அச்சமானியை மணிக்கட்டில் பூட்டினார்கள். சனங்கள் அதைப் பட்டை என்றார்கள். நாடித்துடிப்பையும் வியர்வையையும் பார்த்து அது பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எரியும். வீட்டில் யாருக்கு மோசமோ அவர் நிறத்தை வாசல் விளக்கும் காட்டும். நீடித்துச் சிவந்தவர்களைப் பயம் தணியும்வரை அடைத்து வைக்கிற தணிவகத்துக்குக் கொண்டுபோவார்கள். கூட்டத்தில் ஒரே ஒரு பட்டை சிவந்தாலும் கூட்டம் கலைய வேண்டும். அது கல்யாணமானாலும் சரி, சாவானாலும் சரி.

பயம் வரக் கூடாதென்று செய்திகளும் வடிகட்டித்தான் வந்தன. சலோமியின் புருஷன் இம்மானுவேல் கடலணையில் விரிசல் அடைக்கிற வேலைக்குப் போனவன். ஒரு நாள் அவன் போன் நின்றது. கேட்டால், “உங்கள் நலன் கருதித் தகவல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது” என்று இனிமையான குரல் ஒன்று சொன்னது. இதைக் கேட்டுவிட்டு ஒருத்தி பச்சையாக எரிய வேண்டுமாம்.

வயலட் எரிந்தாள். எப்போதும் பச்சை. சபையில் பிறந்தநாளுக்கும் கல்யாணநாளுக்கும் முன்னால் போய் ஸ்தோத்திரக் காணிக்கை போடுவது பழைய வழக்கம்தானே. அதோடு, வாரம் முழுக்க விளக்கு பச்சையாக இருந்த வீட்டாரும் எழுந்து போய்ப் போடுவது என்று புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. பச்சைக் காணிக்கை. வயலட் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. தலையில் முக்காடு, முகத்தில் அடக்கம், நடையில் மட்டும் அந்த அடக்கம் இருக்காது. பெண்கள் கூட்டத்தில் அவள் சாட்சி சொல்லாத மாதமில்லை. “கர்த்தர்மேல பாரத்தப் போட்டுட்டு நான் பாட்டுக்குத் தூங்கிருவேன்” என்பாள்.

பாரத்தைப் போட்டுவிட்டுப் பிரஷர் மாத்திரையையும் போட்டுக்கொள்வாள் என்பது சாட்சியில் வராது. அதை அவள் மறைத்தாள் என்று சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் பார்த்துக்கொண்டாள். ஒரு தடவை மாத்திரை தீர்ந்துபோய் மருந்துக்கடை மூடியிருந்தபோது விளக்கு மஞ்சளுக்குத் தாவியது. கடை திறந்ததும் வாங்கிப் போட்டாள், பச்சை திரும்பியது. அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அந்த நினைப்பை அங்கேயே மடித்து வைத்துவிட்டாள்.

சண்டையின் முடிவில் சலோமிதான் தணிந்தாள்.

“வரல யக்கா. கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டேன். பியூலா நல்லா இருக்கட்டும்.”

வயலட்டின் மகள் பியூலாவின் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டு முறையும் கூட்ட அனுமதி கடைசி நேரத்தில் ரத்து. இந்தத் தடவையும் கலைந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று ஓசூர் மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டே சொல்லிவிட்டார்கள். ஆகவே சலோமி சொன்னதைக் கேட்டு வயலட்டுக்கு நிம்மதி. கூடவே ஓர் உறுத்தல். அதையும் மடித்து வைத்தாள்.

கல்யாண வீட்டில் யாருக்கு எது ஞாபகம் இருக்கும்? பலகாரக்காரன் வரவில்லை, பூ வாடிவிட்டது, மாப்பிள்ளையின் அத்தைக்கு வெந்நீர் சூடு போதவில்லை. இரண்டு நாளாக மாத்திரை டப்பா அலமாரியில் ஊதாப் பட்டுப்புடவையின் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. புடவையை எடுத்தாள், டப்பாவை எடுக்கவில்லை.

ஆராதனை நன்றாகத்தான் நடந்தது. ஞானதுரை ஐயர் (நெல்லைப் பக்கத்தில் ஐயர் என்றால் சபைப் போதகர்) வழக்கம்போலத் தணிந்த குரலில் பிரசங்கித்தார். அவர் பேச்சில் பாதிச் சபை தூங்கிவிடுவதால்தான் இந்தச் சபைக்கு அனுமதி எளிதில் கிடைக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. மாப்பிள்ளையிடம் கேட்டார், அவன் சம்மதம் என்றான். பியூலா பக்கம் திரும்பினார்.

வயலட்டுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டது, இனி ஒரு வார்த்தைதான். அணை உடைந்தால்? இவள் ஓசூர் போய்ச் சேர்வதற்குள் பாலத்தில் நெரிசலானால்? இத்தனை வருஷமும் மாத்திரைக்குக் கீழே அமுங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தது.

பீடத்துக்கு மேலிருந்த விளக்கு சிவந்தது.

“அன்பார்ந்த பொதுமக்களே, பதற்றம் கண்டறியப்பட்டுள்ளது. அமைதியாகக் கலையவும்.” கதவுகள் தாமாகத் திறந்தன.

எல்லாத் தலைகளும் வாசல் பக்கம்தான் திரும்பின. வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த சலோமி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். “நான் உள்ள வரலப்பா! நான் இல்ல!”

பிறகுதான் பார்த்தார்கள். வயலட் முந்தானையை மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். பட்டு எத்தனை மடிப்பு மடித்தாலும் வெளிச்சத்தை எங்கே மறைக்கிறது? ஊதாவுக்குள்ளிருந்து சிவப்பு கசிந்தது.

“அன்பார்ந்த பொதுமக்களே...”

மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். பின்வரிசையில் பெஞ்சு ஒன்று கிரீச்சிட்டது. பாலத்தில் நின்றிருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். முதல் கால் நகர்கிற சத்தம். பியூலா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவால் நிமிர முடியவில்லை.

“உக்காருங்க,” என்றார் ஐயர். அங்கியின் கையை மேலே தள்ளித் தன் பட்டையைக் காட்டினார். சிவப்பு. “எனக்கும் பயமாத்தான் இருக்கு. பொண்ணு இன்னும் பதில் சொல்லல. அவ சொல்லி முடிக்கட்டும். அப்புறம் ஓடுறவங்க ஓடலாம்.”

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாத அந்த இடைவெளியில் சலோமி உள்ளே வந்தாள். வெளியே போகத் திறந்த கதவு வழியாக உள்ளே வந்தவள் அன்றைக்கு அவள் ஒருத்திதான். நேராக முன்வரிசைக்கு நடந்தாள்.

“தள்ளி உக்காருங்க யக்கா.”

வயலட் தள்ளி உட்கார்ந்தாள். உதடு அசையாமல், “மாத்திரை போட மறந்துட்டேன்ட்டி,” என்றாள்.

“என்ன மாத்திரை?”

“பிரஷர் மாத்திரை. அதப் போட்டாத்தான் பச்ச...”

சலோமி அவளைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப அம்புட்டுச் சாட்சியும்?”

“வாய மூடுட்டி. பிள்ள பதில் சொல்லப் போறா.”

சலோமி சிரித்துவிட்டாள். அழுகிறாளா என்று பின்வரிசையில் சிலர் சந்தேகப்பட்டதும் உண்மைதான். சிரித்தாலும் அழுதாலும், வயலட்டின் சிவந்த கையைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

பயம் தொற்றும் என்பது பொய்யில்லை. பெஞ்சு பெஞ்சாகப் பட்டைகள் சிவந்தன. ஒருவர்கூட எழவில்லை, எழுந்த மாப்பிள்ளை வீட்டாரும் வெட்கப்பட்டு உட்கார்ந்தார்கள். இயந்திரக் குரல் அன்பார்ந்த பொதுமக்களை அழைத்து அழைத்து ஓய்ந்தது. அத்தனை சிவப்புக்கு நடுவே பியூலா சம்மதம் என்றாள். தாலி ஏறியது. ஐயர் ஜெபித்தார். அவர் குரல் நடுங்கியது, எல்லாரும் அன்று முதல்முறையாகத் தூங்காமல் கேட்டார்கள். பயத்தைப் போக்கும் என்று அவர் கேட்கவில்லை. இந்தப் பயத்திலும் எங்களோடிரும் என்றுதான் கேட்டார்.

அந்தக் கருவிக்கு ஒருவர் எவ்வளவு பயப்படுகிறார் என்று தெரியும். பயப்படுகிறவர் ஓடுவாரா, பக்கத்து ஆளின் கையைப் பிடிப்பாரா என்பது அதற்குத் தெரியாது. அதை அளக்க அதில் ஒன்றும் வைக்கவில்லை.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். கலையாத சிவப்புக் கூட்டம் என்று இதற்குமுன் எங்கும் பதிவில்லையாம். “நீங்க ஏம்மா ஓடல?” என்று வயலட்டைக் கேட்டார்கள். “கல்யாணம் முடியல, சாப்பாடும் போடல. எப்படி ஓட?” என்றாள். ‘சமூகக் காரணம்’ என்று குறித்துக்கொண்டு போனார்கள். சட்டம் மாறவில்லை. கோயிலை ஈஸ்டர் வரைக்கும் பூட்டி வைத்தார்கள். ஐயரை மேற்கே மலையடிவாரத்துச் சபைக்கு மாற்றினார்கள். அங்கேயும் அவர் பிரசங்கத்தில் தூங்குகிறார்களாம்.

பியூலா ஓசூருக்குப் போய்ச் சேர்ந்தாள். இம்மானுவேல் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு கால் விந்தித் திரும்பி வந்தான். இனிக் கடல் பக்கமே வேண்டாம் என்று சலோமி அவனைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டியில் அண்ணன் வீட்டுப் பக்கம் குடிபோனாள். போகிற அன்றும் ஒரு குடம் விஷயமாக வயலட்டோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

வயலட் டாக்டர் சொன்னபடி மாத்திரை போடுகிறாள். விளக்கு பச்சைதான். காணிக்கைக்கு மட்டும் எழுந்து போவதில்லை. கேட்டால் முழங்கால் வலி என்கிறாள்.

சலோமி இருந்த வீட்டுக்குக் கயத்தாற்றிலிருந்து ஒரு புதுக் கல்யாணப் பெண் வந்திருக்கிறாள். வந்த நாளிலிருந்து விளக்கு கொஞ்சமும் அசையாத பச்சை. வயலட் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

“ஏம்மா, ஒனக்கும் பிரஷரா?”

அந்தப் பெண் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “எங்க மாமியாருக்கு உள்ளது. ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிடுவேன்.”

“ஒடம்பக் கெடுத்துக்கிடாத. அதப் போடாத,” என்றாள் வயலட். “செவந்தா எங்க வீட்டுக்கு வா. நானும் ஒரு நாள் போடாம இருக்கேன். ரெண்டு பேருமாச் செவந்துக்கிட்டு உக்காந்திருப்போம்.”