திறக்கும் மாதா

மாதா வந்த விதமே சரியில்லை.

முறைப்படி ஞாயிற்றுக்கிழமை வந்திருக்க வேண்டும். அக்டோபர் ஜெபமாலை மாதத்தில், மான்மவுத் ஜங்ஷன் என்ற அமெரிக்க ஊரைச் சுற்றியுள்ள ஐந்து தமிழ்க் கத்தோலிக்க வீடுகளுக்கும் அந்தத் தந்தச் சுரூபம் வாரம் ஒரு வீடாகப் போகும். மெழுகுவர்த்தி, பாட்டு, ஜெபமாலை, கடைசியில் கேசரியும் வடையும். ஆனால் இந்த முறை செவ்வாய்க்கிழமை மத்தியானம் மணியடித்தது. ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு யூனிஸ் கதவைத் திறப்பதற்குள், போன வாரம் மாதாவை வைத்திருந்த ஜெயலீலாவின் கார் ரிவர்ஸில் தெருவுக்கே போய்விட்டது. வாசலில் பீச் டவலில் சுற்றிய ஒரு பொட்டலம். துணி காயப்போடும் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, ஐந்தாறு முடிச்சு. மாதாவை யாராவது இப்படிக் கட்டுவார்களா?

யூனிஸுக்குச் சுரூபம் என்றாலே ஆகாது. சுரூபமே வைக்காத நாகர்கோவில் சிஎஸ்ஐ குடும்பத்துப் பெண். ஜார்ஜைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதால்தான் இந்த மெழுகுவர்த்திக் கூட்டத்தில் வந்து விழுந்தாள். மூன்று முறை கலைந்து, எட்டாவது வருஷம் தங்கிய பிள்ளை வயிற்றில். அதனால் அவளுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம்தான். மைக்ரோவேவ் ஓடினால் அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

ஜார்ஜ் ஆபீஸிலிருந்து வந்து முடிச்சுகளை அவிழ்த்தான். ஒரு முழ உயரத்தில் மஞ்சளோடிய மாதா, அமர்ந்த கோலம். உதடும் முழங்காலும் யார் யாரோ தொட்டுத் தொட்டுத் தேய்ந்து வழவழவென்றிருந்தன.

"நம்ம ஜெபமாலைக் கூட்டத்து மரிய அந்தோணி அங்கிள் பிரின்ஸ்டன்ல, செத்தவங்க வீட்டுச் சாமான் விக்கிற எஸ்டேட் சேல்ல பிடிச்சாரு. எழுநூறு வருஷம் பழசாம். இங்க பாரு, இது ஓப்பன் ஆகும்."

மாதாவின் நெஞ்சு நடுவே பிளந்து, அலமாரிக் கதவு போல இரண்டு பக்கமும் விரிந்தது. பல் டாக்டர் பல்லைக் குடையும்போது வருகிற வாடை அடித்தது. கதவுகளின் உட்புறம் தேவதூதன், இடையர்கள், ராஜாக்கள். நடுவில் சிம்மாசனத்தில் தாடி வைத்த பிதா, இரண்டு கையாலும் ஒரு சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிலுவையில் ஆள் இல்லை. ஆணி அடித்த துளைகள் மட்டும்.

"இயேசு எங்க?"

"எப்பவோ கழண்டு விழுந்திருக்கும். பீஸ் மிஸ்ஸிங்."

சிம்மாசனத்துக்குக் கீழே ஒரு பொந்து. அதில் மடித்த மனுச் சீட்டுகள். ஊரில் மாதாவின் காலடியில் வைக்கிறவர்கள், இது திறக்கிறது என்றதும் உள்ளேயே போட ஆரம்பித்துவிட்டார்கள். ஜார்ஜும் 'சுகப் பிரசவம்' என்று எழுதி உள்ளே செருகினான். அவளுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

மறுநாள் அவன் கிளம்பிய பிறகு சத்தம் கேட்டது. ஹீட்டர் ஓடி நின்று, ஃபிரிட்ஜும் அடங்கி, வீடு மூச்சுப் பிடித்த மாதிரி இருந்த நேரத்தில், ஹாலிலிருந்து மெல்ல, பொறுமையாக, நகத்தால் பல்லைச் சுரண்டுகிறாற்போல ஒரு சத்தம். அவள் போய் நின்றதும் நின்றுவிட்டது. மாதாவின் அடியில் விரித்திருந்த துணியில் வெள்ளைத் தூள். துடைத்தாள். வியாழக்கிழமை மறுபடி தூள். அன்றைக்குத்தான் பிள்ளை உதைப்பது குறைந்ததையும் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஹார்ட் பீட் நார்மல் என்றார். சனிக்கிழமை இரண்டே உதை. ஞாயிறு சாயங்காலம் அவளே மாதாவைத் திறந்தாள். சிலுவையின் நடுவில் அரிசி மணி அளவுக்கு ஒரு புடைப்பு இருந்தது. பழைய தந்தத்தின் மஞ்சள் இல்லை. பச்சைப் பால் வெள்ளை.

"முன்னாடியே இருந்திருக்கும்டி," என்றான் ஜார்ஜ். "சும்மா டென்ஷன் ஆகாத."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்! மாதா என்ன செய்கிறாள் என்று அவனுக்கும் தெரியுமோ? கட்டிய புருஷனையே சந்தேகப்படுகிறோமே என்று அழுகை வந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

திங்கட்கிழமை ஒரே ஒரு உதை.

செவ்வாய்க்கிழமை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய வாரம். ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஜார்ஜ் வர இன்னும் ஒரு மணி நேரம். யூனிஸ் சீட்டுகளை அள்ளி எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கிரீன் கார்ட். தம்பிக்கு விசா. கிட்னி ஆபரேஷன். நான்காவது, ஜெயலீலாவின் சாய்ந்த கையெழுத்து.

'என் வயித்துப் பிள்ளையை விட்டுடும்மா. யூனிஸுக்கு ஏழு மாசம். அங்க கொண்டு போய் வெக்கிறேன்.'

ஜெயலீலாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நீங்களும் முழுகாம இருக்கீங்களா?"



"அஞ்சு மாசம்," என்றாள் ஜெயலீலா. "யார்ட்டயும் சொல்லல. அது வந்த நாள்லேர்ந்து அசைவே இல்ல யூனிஸ். அந்தச் சிலுவையில ஒரு குட்டிக் கை முளைச்சுது. உன் வாசல்ல வெச்ச அன்னிக்குச் சாயங்காலமே பிள்ளை உதைக்க ஆரம்பிச்சுடுச்சு."

"அப்ப என் பிள்ளை?"

"சர்ச்ல வெச்சா திரும்பி வந்து நம்ம டேபிள்லயே நிக்குது. குப்பையில போட்டாலும் வந்துடுது. சீட்டு எழுதிப் போடு. வயித்துல பிள்ளை இருக்கிற வீடா பாத்து எழுது." அழுதாள். "என்னை மன்னிச்சுடு." போன் வைக்கப்பட்டது.

வயிற்றைத் தடவினாள். காலையிலிருந்து ஒரு அசைவும் இல்லை. இடது பக்கம் படுத்தாள். சில்லென்று ஆரஞ்சு ஜூஸ் குடித்தாள். ஒன்றுமில்லை.

இரண்டு தெரு தள்ளி காமாக்ஷி இருக்கிறாள். எட்டு மாதம். மசக்கையில் யூனிஸுக்கு வாய் கசந்தபோது புளிக்காய்ச்சல் கொண்டுவந்து கொடுத்தவள். மாதாவைக் கொடுத்தால் மறுக்கவே மாட்டாள். மஞ்சளும் குங்குமமும் வைத்துப் பூஜை அறையிலேயே உட்கார்த்திவிடுவாள்.

பாவம். மகா பாவம். யூனிஸுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

பேனாவை எடுத்தாள். 'காமாக்ஷி' என்று எழுதினாள்.

ஹாலில் சுரண்டல் சத்தம் ஓங்கிக் கேட்டது. இந்த முறை அவள் போய் நின்றும் நிற்கவில்லை. மாதாவின் முழங்காலில் தூள் வழிந்தது. பல் குடையும் வாடை.

கதவைத் திறக்கக் கை வைத்தாள். தந்தம் சூடாக இருந்தது.

திறந்தாள்.

சிலுவையில் புடைப்பு இல்லை. பிள்ளை. கட்டை விரல் அளவு. ஈரம். மூடிய கண்கள். ஜார்ஜின் தாடை. இரண்டு கையும் விரித்து ஆணியில்.

சீட்டைப் பொந்துக்குள் திணித்தாள். பிதாவின் விரல்கள் சிலுவையை இன்னும் இறுக்கிப் பிடித்தன.

"கர்த்தாவே," என்றாள். ஒரு கை வயிற்றில். கல்லாகக் கிடந்தது வயிறு.

சிலுவையில், அந்தச் சின்ன வெள்ளைக் கால் உதைத்தது.