நூல் இழுத்தது

செவ்வாயின் நிலத்தடி நகரமான செங்குடியில், துப்பாமல் யாரும் வீட்டைவிட்டு வெளியேற முடியாது. கதவிலுள்ள தட்டு எச்சிலைச் சோதித்து, சரியென்றால் திறக்கும். சந்தேகமென்றால் திறக்காது, எச்சில் பெயரிட்ட குப்பியில் அடைபட்டுக் குழாய்வழியே ஆய்வகத்துக்குப் போய்விடும்.

ஆய்வகத்தின் தலைவி அங்கயற்கண்ணி. அங்கே எச்சிலிலுள்ள கிருமியை வளர்த்து, ஊசியால் தொட்டு மேலே தூக்குவார்கள். சாதாரணக் கிருமி உடனே அறுந்துவிடும். கொடுங்கிருமி மட்டும் வெல்லப்பாகுபோல நூலாக நீளும். நூல் இழுத்தவர்கள் எல்லாரும் ஒரே குமிழுக்குள் அடைக்கப்படுவார்கள். போனவர்களில் பாதிப்பேர் திரும்பியதில்லை. நோயே இல்லாமல் கிருமியைச் சுமந்து திரிபவர்களும் உண்டு.

அன்று வந்த குப்பியில் அவளுடைய மகள் பூவிழியின் பெயர் இருந்தது. குழந்தை இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தாள்.

அங்கயற்கண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள். குப்பியைத் தொட்டியில் கொட்டிக் கழுவினாள். காலிக் குப்பிக்குள் தன் எச்சிலைத் துப்பி வைத்தாள். தனக்கு ஒன்றும் இருக்காது என்று நம்பினாள். அதிகாரிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு, கதவுகள் அவர்களைச் சோதிப்பதில்லை, அவளும் சோதித்துக்கொண்டதில்லை.

மறுநாள் எல்லார் கண்ணெதிரே இயந்திரக்கை ஊசியைத் தூக்கியது. நூல் அறுபடாமல் நீண்டுகொண்டே போனது.

அவள் வீட்டுக்கு ஓடியபோது காவலர்கள் பூவிழியை அழைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, இருமல் நின்னுடுச்சும்மா. அவங்ககிட்ட சொல்லு!”

அங்கயற்கண்ணி சுகாதார ஆணையர் மணிமுத்தரின் அறைக்குள் நுழைந்தாள்.

“அது என் எச்சில் சார். நான்தான் மாத்தினேன். குழந்தைய விட்டுட்டு என்னை அடைங்க.”

“உக்காருங்கம்மா. பெத்தவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க.”

“அப்போ அவளை மறுபடி சோதிங்க!”

“அவ குமிழுக்குள்ள போயாச்சு. அங்க எல்லாருக்கும் ஒரே காத்து. இனிமே சோதிச்சா யாருக்கும் நூல் இழுக்கத்தான் செய்யும். உங்களுக்குத் தெரியாததா?”

“சரி, என்னையாவது சோதிங்க.”

மணிமுத்தர் சங்கடத்துடன் சிரித்தார். “உங்களுக்கு விலக்கு இருக்கேம்மா. உங்களைச் சோதிச்சா நாளைக்கு என்னையும் சோதிக்கணும்பாங்க. விதின்னு ஒண்ணு இருக்குல்ல?”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு, அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இந்த நேரத்துல கேக்கறது தப்புதான். என் மச்சினனோட குப்பி நாளைக்கு உங்ககிட்ட வருது. நம்ம பையன். கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க.”

“தள்ளிப் போங்க சார், என் மூச்சு உங்கமேல படும்,” என்றாள் அவள்.

வெளியே கேட்டுவிடப் போகிறதென்று அவர் இன்னும் நெருங்கிக் குனிந்தார்.