பத்தே நிமிஷம், நாற்பத்துமூன்று துண்டு

குச்சியின் அப்பா "பத்தே நிமிஷம்" என்று சொன்னால், அதன் விலை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. பேரம் கிடையாது. தவணையும் கிடையாது.

வாரத்தில் ஆறு நாள் அவர் தபால் அலுவலகத்தில் உட்கார்ந்து முத்திரை குத்துவார். ஏழாவது நாள் மட்டும் அவரே மெக்கானிக், அவரே எலக்ட்ரீஷியன், அவரே தச்சர், அவரே பிளம்பர். யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை. அவராகவே வைத்துக்கொண்டார். அதனால் வேலையை விட்டு நீக்கவும் வழியில்லை.

அவர் கைபட்ட வீடு எப்படி இருந்தது தெரியுமா? குளியலறைக் குழாயைத் திறக்க இடது பக்கம் திருக வேண்டும். மூட வேண்டுமென்றால் மேலே தூக்க வேண்டும். கூடத்து விளக்கு எரிய, சமையலறை சுவிட்சைப் போட வேண்டும். அழைப்பு மணியோ, யாராவது ஃபிரிட்ஜைத் திறந்தால் அடித்தது. "யாரு?" என்று கேட்டபடி அம்மா எத்தனை தடவை வாசலுக்கு ஓடியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஒவ்வொரு பழுதையும் சரிபார்த்து முடித்ததும் ஒன்றிரண்டு திருகாணி மீந்துபோகும். அப்பா அவற்றை ஒரு ஜாடியில் போட்டு வைப்பார்.

"மிச்சம் வந்தா லாபந்தானே?" என்பார்.

குச்சிக்கு வயது பத்து. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள், பெயர்க்காரணம் அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு ஒரு வேலை உண்டு. டார்ச் பிடிப்பது.

உலகத்திலேயே கஷ்டமான வேலை அது. சந்தேகம் இருந்தால் உங்கள் அப்பாவுக்கு ஒரு முறை பிடித்துப் பாருங்கள்.

"இங்க காட்டு. இங்கன்னா இங்க! என் கண்ணுல அடிக்காதே. எங்க பராக்கு பார்க்குற?"

எங்கே பிடித்தாலும் அது தப்பான இடம்தான். அதனால் குச்சி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். இடது கையில் டார்ச். வலது கையில் பென்சில். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், எதிரே தெரிவதையெல்லாம் வரைந்துகொண்டே இருப்பாள். கொட்டாவி விடும் வாத்து போலக் குறடு. முதுகு வளைந்த ஸ்பேனர். அப்பா குடிக்க மறந்து ஆறிப்போன டீ கிளாஸ். எது எதிரே இருக்கிறதோ அது அப்படியே தாளுக்கு வந்துவிடும்.

இந்தக் கதை நடந்த ஞாயிற்றுக்கிழமை, எதிரே இருந்தது அம்மாவின் தையல் மிஷின்.

அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். மூன்று வருடமாகக் கிழிசல் தைப்பதும், கால்சட்டைக்கு ஜிப் மாற்றுவதும்தான் வேலை. இப்போதுதான் முதன்முதலாக ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. ரொட்டிக்கடை முதலாளி ஒருவர் திங்கட்கிழமை காலையில் புதுக்கடை திறக்கிறார். வேலையாட்களுக்குப் பன்னிரண்டு வெள்ளைக் கோட். ஒரு கோட்டுக்கு ஆறு பொத்தான்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வர்றேம்மா," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் அவர். "நல்லா இருந்தா என் நாலு கடைக்கும் இனிமே நீங்கதான். இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்குறேன்."

ஐந்து கோட் தைத்தாகிவிட்டது. ஏழு கோட்டுக்குத் துணி வெட்டி அடுக்கியிருந்தது. காலை ஒன்பது மணிக்கு வெள்ளை நூல் தீர்ந்துபோனது. பொத்தானும் வாங்க வேண்டும். அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"மிஷின் பக்கம் போகாதீங்க."

"நான் ஏன் போகப்போறேன்?" என்றார் அப்பா, ரொம்ப வருத்தப்பட்டவர் போல.

அம்மா தெருமுனை திரும்பியிருக்க மாட்டார்.

"குச்சி, அந்த மிஷின் ஓடும்போது கீச் கீச்சுனு ஒரு சத்தம் வருதே, கவனிச்சியா?"

"அப்பா, அம்மா வேணாம்னு சொன்னாங்க."

"பக்கத்துல போக வேணாம்னுதானே சொன்னா? எண்ணெய் விட வேணாம்னா சொன்னா? பத்தே நிமிஷம். டார்ச்சை எடு!"

எண்ணெய் விட வேண்டுமென்றால் மேல்மூடியைக் கழற்ற வேண்டும். மூடியைக் கழற்ற, கைச்சக்கரம் இடைஞ்சலாக இருந்தது. சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே ஒரு ஸ்பிரிங் தெரிந்தது. ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டுச் சும்மா விடுகிற ஆளா அப்பா? அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் கழற்றக் கழற்ற, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று குச்சி டார்ச் பிடித்தாள். பிடித்துக்கொண்டே வரைந்தாள். ஒவ்வொரு துண்டுக்கும் கழன்று வந்த வரிசையில் எண் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று...

பத்தரை மணிக்கு அம்மா திரும்பி வந்தபோது எண் நாற்பத்துமூன்றில் நின்றது.

அம்மா மேஜையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"மிஷின் எங்க?"

"இதான். கொஞ்சம் விரிச்சு வெச்சிருக்கேன்."

"மாட்டுங்க."

"பத்தே..."

"நிமிஷக் கணக்கு வேண்டாம். மாட்டுங்க."

அப்பா மாட்டினார். அரை மணி நேரத்தில் நான்கு துண்டு உள்ளே போனது. அதில் மூன்று திரும்ப வெளியே வந்தது. ஒரு ஸ்பிரிங் துள்ளிப்போய் அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அவருடைய கருவிப் பெட்டியில் இருந்த ஸ்க்ரூடிரைவர் ஏழும் மேஜைக்கு வந்துவிட்டன. ஏழாலும் ஒரு பயனும் இல்லை.

அம்மா மிஷின் ரிப்பேர்க்காரருக்குப் போன் செய்தார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. செவ்வாய்க்கிழமை வர்றேன்," என்றார் அவர். பிறகு, "வீட்டுக்காரர் கழட்டினாரா? அப்படின்னா புதன்கிழமையா வெச்சுக்கலாம். ஒரு நாள் கூடவே ஆகும்," என்றார்.

பக்கத்துத் தெருவில் மிஷின் வைத்திருந்த அக்கா ஊரில் இல்லை.

அம்மா ஏழு கோட்டுக்கு வெட்டி வைத்திருந்த துணியைத் தடவி நேராக்கினார். பிறகு போனை மறுபடி எடுத்தார்.

"யாருக்கும்மா?" என்றாள் குச்சி.

"ரொட்டிக்கடைக்காரருக்கு. முடியாதுன்னு இப்பவே சொல்லிட்டா, அவராவது வேற வழி பார்ப்பாரு."

அம்மா இதைக் கத்திச் சொல்லியிருந்தால் குச்சி பயந்திருக்க மாட்டாள். மெதுவாகச் சொன்னார். குச்சி சட்டென்று போனைக் கையால் மூடினாள்.

"அம்மா, கொஞ்சம் டைம் கொடு. ரெண்டு மணி வரைக்கும்."

"ரெண்டு மணிக்கு மேல ஏழு கோட் எப்படித் தைக்கிறது? பதினொன்றரை."

"இப்பவே பதினொண்ணு ஆச்சேம்மா! ஒன்றரை."

"பன்னெண்டு."

"ஒரு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூடக் கேட்க மாட்டேன்."

அம்மா போனைக் கீழே வைத்தார். "ஒரு மணி."

குச்சி காலண்டர் தாள்களை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, நான் எல்லாத்தையும் வரைஞ்சு வெச்சிருக்கேன். பார்த்து மாட்டலாம்."

"படம் பார்த்து மாட்டுறதுக்கு இது என்ன பொம்மைக் காரா? கழட்டினவனுக்கு மாட்டத் தெரியாதா?" அப்பா தலை நிமிரவே இல்லை. அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன.

குச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? தாள்களைச் சுருட்டினாள். ஜன்னல் வழியே எறிந்துவிடலாமா என்று இருந்தது.

அப்போதுதான் அப்பாவின் கையைக் கவனித்தாள். ஒரே சின்னத் திருகாணியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தது. அம்மா இருந்த பக்கம் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை. இது திமிர் இல்லை. இது வெட்கம். வெட்கப்படுகிறவரிடம் போய் உதவுகிறேன் என்றால் இன்னும் சுருங்கித்தானே போவார்?

குச்சி சுருட்டிய தாள்களை மறுபடி நீவிவிட்டாள்.

"அப்பா, இந்தப் படத்துல எங்கயோ ஒரு தப்பு இருக்கும்போல. எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. நீங்க பார்த்துச் சொல்றீங்களா?"

அப்பாவின் கை தானாக நீண்டது. மற்றவர்கள் வேலையில் தப்பு கண்டுபிடிப்பது அவருக்குச் சர்க்கரை மாதிரி.

"எங்க, கொண்டா. ம்... நாற்பத்துமூணு இந்தக் கொக்கி. சரிதான். அதுக்கு முன்னாடி நாற்பத்திரண்டு... ஆமா, இந்தத் தட்டு. சரிதான்." தப்பு தேடும் சாக்கில் ஒவ்வொரு துண்டாக எடுத்து மாட்டிப் பார்த்தார். மாட்டிய துண்டு அங்கேயே நின்றது. "நாற்பத்தொண்ணு... அடடே, இதுவும் சரியா இருக்கே!"

அலமாரிக்கு அடியில் ஒளிந்திருந்த ஸ்பிரிங்கை அம்மா ஓர் அளவுகோலால் தள்ளி எடுத்து மேஜையில் வைத்தார்.

முப்பதாம் எண் ஓர் இடுக்குக்குள் போக வேண்டும். அப்பாவின் விரல் அதில் நுழையவில்லை.

"இடத்தை மாத்திக்கலாம்ப்பா. என் விரல் போகும். நீங்க டார்ச் பிடிங்க."

அம்மாவின் நாற்காலியில் குச்சி உட்கார்ந்தாள். அப்பா மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

"இங்க காட்டுங்கப்பா. இங்கன்னா இங்க! என் கண்ணுல அடிக்காதீங்க. எங்க பராக்கு பார்க்குறீங்க?"

அப்பா டார்ச்சை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். அறையின் மூலையில் அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமல் என்றுதான் அவர் சொன்னார்.

முப்பது, இருபது, பத்து, ஐந்து. கடைசியாக ஒன்றாம் எண் கைச்சக்கரமும் ஏறியபோது மணி பன்னிரண்டு நாற்பது. அப்பா மேஜைக்குக் கீழே குனிந்து தேடினார். நாற்காலியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னப்பா தேடுறீங்க?"

"ஒண்ணுகூட மிச்சம் வரலையே! ஏதாவது தப்பாயிருக்குமோ?"

அம்மா வந்து, ஒரு துண்டுத் துணியை வைத்து மிஷினை ஓட்டினார். சக்கரம் சுற்றியது. ஊசி ஏறி இறங்கியது. துணியில் வரிசையாக ஓட்டை விழுந்தது. தையல் மட்டும் விழவில்லை. நூல் அடியில் கொசகொசவென்று சிக்கிக் கிடந்தது.

"பார்த்தியா!" என்று துள்ளினார் அப்பா. "படத்துல தப்பு! நீதானே சொன்னே, எங்கயோ தப்பு இருக்குன்னு!"

சும்மா சொன்னது உண்மையாகிவிட்டதே என்று குச்சிக்கு அழுகை வந்தது. தாளை எடுத்து ஊசியின் படத்தைப் பார்த்தாள். ஊசியின் தலை ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் தட்டை. படத்தில் தட்டைப் பக்கம் வலது புறம் இருந்தது. மிஷினிலும் வலது புறம்தான் இருந்தது. பிறகென்ன?

படத்தின் ஓரத்தில் டீ கிளாஸ் இருந்தது. அதற்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. எதையும் விடாமல் வரையும் பழக்கம் அவளுக்கு. படத்தில் ஜன்னல் வலது புறம்.

குச்சி நிமிர்ந்து பார்த்தாள். இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஜன்னல் இடது புறம்!

"அப்பா! நான் இதை அந்தப் பக்கம் நின்னு வரைஞ்சேன்! எனக்கு வலது, உங்களுக்கு இடது!"

மற்ற துண்டுகள் எல்லாம் ஒரே ஒரு விதமாகத்தான் பொருந்தும். திருப்பி வைத்தால் உள்ளே போகாது. ஊசி மட்டும் எப்படிச் செருகினாலும் வாயை மூடிக்கொண்டு போய்விடும். குச்சி திருகாணியைத் தளர்த்தினாள். ஊசியின் தட்டைப் பக்கத்தை ஜன்னலைப் பார்க்கத் திருப்பி வைத்து இறுக்கினாள்.

அம்மா மறுபடி ஓட்டினார். துணியை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். தையல் அசையவில்லை. மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. அம்மா குச்சியின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கோட்டுத் துணியை ஊசிக்கு அடியில் தள்ளினார்.

கீச். கீச். கீச்.

மூன்று பேரும் எண்ணெய் டப்பாவைப் பார்த்தார்கள். அதன் மூடியை யாரும் திறக்கவே இல்லை.

"அது வந்து..." என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தார் அப்பா.

"கீழ வைங்க," என்றார் அம்மா. "அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போச்சு. உங்களுக்கு வேற வேலை இருக்கு." ஒரு கை ஊசியையும் பொத்தான் பொட்டலத்தையும் அவர் மடியில் வைத்தார். "எழுபத்திரண்டு. நீங்களும் உங்க மகளும். ஒவ்வொண்ணும் நேரா இருக்கணும்."

சாயங்காலம் வரை மிஷின் ஓய்வில்லாமல் கீச்சிட்டது. குச்சி காலை மடக்கி உட்கார்ந்து பொத்தான் தைத்தாள். அப்பா நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், கோட்டை மார்போடு அணைத்துப் பிடித்துத் தைத்தார். இதுவரை எந்த வேலையிலும் அவர் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

சரியாக ஆறு மணிக்கு ரொட்டிக்கடை முதலாளி வந்தார். கோட்டை விரித்தார். தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். ஒவ்வொரு பொத்தானையும் இழுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்பா மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

"தையல் பிரமாதம்மா. அடுத்த வாரம் மத்த மூணு கடைக்கும் அளவு அனுப்புறேன்," என்றார். பிறகு எண்ணினார். "ஒன்பது, பத்து, பதினொண்ணு. பன்னெண்டாவது எங்க?"

அப்பா மெல்ல எழுந்து நின்றார். பன்னிரண்டாவது கோட் அவரோடு சேர்ந்து எழுந்தது. அதன் கடைசிப் பொத்தானை அவர் ரொம்ப உறுதியாக, மிக நேராக, தன்னுடைய சொந்தச் சட்டையையும் சேர்த்துத் தைத்திருந்தார்.

முதலாளி சிரித்த சிரிப்பில் மேஜையில் இருந்த நூல்கண்டுகூட உருண்டு ஓடியது. அம்மா கத்தரிக்கோலை எடுத்தார். கோட்டை வெட்டுவதா, சட்டையை வெட்டுவதா என்று முடிவுசெய்ய அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஆக, அன்றைய கணக்கு இதுதான். கோட் பன்னிரண்டு, சரி. பொத்தான் எழுபத்திரண்டு, சரி. அப்பாவின் சட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை ஒன்று. அதை யார் தைப்பது என்பது மட்டும் இன்னும் பாக்கி.